பின்சக்கரத்து அச்சு

ஆவணி 9, திங்கள்.

ஆரியசாலை சைக்கிள் கடையில் என் பழைய ரேஸ் சைக்கிளின் பின்சக்கரத்தை இன்று கழற்றினார் மாடசாமி. அச்சை உருவியதும் அது இரண்டு துண்டாக அவர் கையில் வந்தது. பரணிலிருந்து இறக்கும்போது நான்தான் உடைத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"இது பழைய ஒடிவாக்கும், சேச்சி. ஒடிஞ்ச எடமெல்லாம் துரு ஏறியிருக்குல்லா," என்றார். அச்சுக்குள் ஓடும் கம்பிதான் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்திருந்ததாம். அதனால் வெளியே தெரியவில்லை. சக்கரம் சாய்ந்து, டயர் ஃபிரேமில் உரசியிருக்கிறது. உரசிய இடத்தில் பெயின்ட் போய்த் துருவேறிய இரும்பு தெரிந்தது.

எனக்குப் பொன்முடி ஏற்றம் ஞாபகம் வந்தது. கல்லூரி நாளில் ஓட்டிய பந்தயம். முதல் மூன்று பேருக்கு மாநில அணியில் இடம். முன்னால் போய்க்கொண்டிருந்த எனக்குப் பாதி மலையில் கால் கனத்துவிட்டது. நாலாவதாகத்தான் போய்ச் சேர்ந்தேன். "உனக்குத் தைரியம் போராது," என்றார் கோச். நம்பினேன். அன்றைக்கே பரணில் ஏற்றிய சைக்கிள் அதன்பின் எங்கும் ஓடவில்லை. வேறு எப்போது ஒடிந்திருக்கும்? அப்போதே யாராவது அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருந்தால்... சரி, போகட்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் துண்டுகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ பாதி மலை பிரேக் பிடிச்சுண்டே ஏறியிருக்கே. அப்படியும் நாலாவதா வந்தியா?"

நாலாவது என்று வெளியில் சொல்ல இத்தனை வருஷமும் கூசியிருக்கிறேன். இன்னொரு தரம் சொல்லுங்கோ என்றேன்.