சட்டைப் பையில் பாப்பாவின் மாத்திரை

மார்ச் 3
டாக்டர் படம் போட்டு விளக்கினார். பிறந்ததும் விரிய வேண்டிய நுரையீரல் ரத்தக் குழாய்கள் பாப்பாவுக்கு விரியவில்லையாம். ஏசி மெக்கானிக்குக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? லைனில் பிரஷர் ஏறிக் கிடக்கிறது. மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் திகைத்தேன். வயாகரா!
“சிரிக்காதீங்க. அது ரத்தக் குழாயை விரிக்கிற மருந்து. பச்சக் குழந்தைக்கும் குடுக்குறோம். இங்க ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிட்டு வாங்க.”
நான் எங்கே சிரித்தேன்?

மார்ச் 4
கடைக்காரர் மருந்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, “என்ன சார், இன்னைக்கு விசேஷமா?” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ‘என் மகளுக்கு’ என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் அசிங்கமாகப் போயிருக்கும்.
நர்ஸம்மா மாத்திரையைப் பொடித்து, கரைத்து, மூக்குக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். சாயங்காலம் பாப்பாவின் உதடு லேசாகச் சிவந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மார்ச் 5
உதவிக்கு வந்திருக்கும் அத்தை, “பாப்பாவுக்கு என்ன மருந்து?” என்றார். நுரையீரல் மாத்திரை என்றேன். மனைவியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். மாமியாரிடம் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது?

மார்ச் 7
ஆஸ்பத்திரியில் இருந்த மாத்திரை தீர்ந்துவிட்டதால், நேற்று வாங்கிய புது அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சட்டை கொடியில் காய்கிறது.
“அத்தை, பையில மாத்திரை இருந்துச்சே?”
“அட்டையில பேரப் பாத்தேன். அந்தக் கருமத்தக் கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன். எம்பொண்ணு பச்ச உடம்போட புள்ளைக்குக் காவல் கெடக்குறா. உங்களுக்கு இந்த நேரத்துல இது கேக்குதா?”
நின்று விளக்க நேரமில்லை. ஓடினேன். பாதிக் கடை திறக்கவில்லை, திறந்த கடையில் ஸ்டாக் இல்லை. மருந்து போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. உதடு மறுபடியும் நீலம். ஸ்டாக் இல்லாததால்தான் தாமதம் என்று மனைவியிடம் சொன்னேன்.

மார்ச் 9
பாப்பா போய்விட்டாள்.

மார்ச் 10
“ஒரு வேளை மருந்து தள்ளிப்போனதாலயா டாக்டர்?”
“இல்லப்பா. எவ்வளவு குடுத்தும் அந்த உடம்பு கேக்கல.”
நம்புகிறேன். பாதி நம்புகிறேன்.
அத்தை மேல் கோபமில்லையா? இருக்கிறது. யாரோட மருந்தக் கொட்டுனீங்க தெரியுமான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கணும். நாளைக்கே கேக்கணும்.

மார்ச் 11
கேட்கத்தான் போனேன். என் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டதால், ஒத்தடத்துக்கு வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார் அத்தை. “புள்ளையக் கண்ணாடி வழியாவே பாத்தேன். ஒரு தடவகூடத் தூக்கலியே” என்று தனக்குத்தானே புலம்பினார். தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி ஒரு டம்ளர் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.
இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அத்தை அதற்கப்புறம் உயிரோடு இருப்பாரா?

ஏப்ரல் 2
அத்தை இன்று கிளம்பினார். மகளைத் தனியே கூப்பிட்டு, “உடம்பு தேறுற வரைக்கும் அந்த மனுசனக் கிட்ட விடாத” என்றது என் காதிலும் விழுந்தது. பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றினேன். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பஸ் நகரும்வரை முகத்தைத் திருப்பியே வைத்திருந்தார்.
வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “அம்மாவ அப்படி என்னதான் பண்ணீங்க?”
“அவங்களுக்கு வாய்ச்ச மாப்பிள்ளை சரியில்ல. அவ்வளவுதான்” என்றேன்.