உதறாத முந்தானை

அடியே, இன்றைக்கும் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோவிலுக்குக் கிளம்பி வாசற்படியில் நின்றதும் கை தானாக முந்தானையைப் பிடித்து உதறியது. "வெளிய போறப்பல்லாம் எதைம்மா கொட்டுற?" என்றாள். என்னத்தைச் சொல்ல? உன்னிடம்தான் சொல்லி அழவேண்டும். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போடியில் அந்த ஏலக்காய் குடோன். எழுபதுகளின் கடைசி. ஒன்பதாம் வகுப்போடு நம் இருவரையும் நிறுத்திக் காய் பொறுக்க அனுப்பினார்கள். பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. நாம் உள்ளே போனதும் வெளியே பூட்டிவிடுவார்கள். தொலி பறக்குமென்று ஃபேன்கூடக் கிடையாது. சாயங்காலம் கதவு திறந்ததும், காய் எதையும் ஒளித்து எடுத்துப்போகவில்லை என்று ஒவ்வொருத்தியும் கணக்குப்பிள்ளை முன்னால் முந்தானையை உதறிக் காட்டவேண்டும்.

நீ எப்போதும் கதவைப் பார்த்தே உட்காருவாய். குரங்கணி மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டுவேன் என்று சின்ன வயசிலிருந்தே சொல்லித் திரிந்தவள். "பொட்டப்புள்ளைக்கு ஜீப்பு கேக்குதாக்கும்!" என்று கூட இருந்த பெண்கள் கேலி செய்வார்கள். "ஓட்டுறப்ப வழியில நின்னு கையக் காட்டாதீக, ஏத்த மாட்டேன்" என்பாய். அந்த அறைக்குள் காற்று வந்ததே உன் வாயிலிருந்துதான். முன்சீட்டு எனக்கென்று சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒருநாள் நீ உதறவில்லை.

"எடுக்கலண்ணே. எடுக்காதவ எதுக்கு ஒதறணும்?"

"எல்லாரும் ஒதறுறாக, நீ என்ன மகாராணியா? ஒதறாட்டி நாளைக்குச் சோலிக்கு வராத."

"வரல" என்று நடந்தாய். வாசலில் திரும்பி, "வாடி!" என்றாய். நான் உதறினேன். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அதே வாசலில் உதறிக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டவளை உன் வீட்டார் மலைமேல் எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அதுவும் ஒரு பூட்டுதான். சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை, ஒட்டிய கன்னம். "ஜீப்பு என்னடி ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ சிரித்தாய். "இன்னும் ஓட்டல. ஓட்டாமலா போயிருவேன்? ஒஞ் சீட்டு அப்பிடியே இருக்குடி."

அடுத்த மழைக்குக் காய்ச்சல். ஜீப்பில்தான் உன்னை மலையிலிருந்து இறக்கினார்கள், முன்சீட்டில் சாய்த்துவைத்து. போடி வந்து சேரும்போது மூச்சில்லை. அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உதறாமல் போனவளுக்கும் இவ்வளவுதானா என்று.

இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நீ ஜீப்பு ஓட்டவில்லை. ஆனால் கடைசிவரை ஜீப்பு ஓட்டப்போகிறவளாகவே இருந்தாய். நான் எதுவாகவும் ஆகப்போகிறவளாக ஒருநாளும் இருந்ததில்லை.

சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது கையை இறுக்கி மடக்கிக்கொண்டு படி இறங்கினேன். தெருமுனைப் பால் கடைவரை போய்விட்டேன். அங்கே யாரோ பின்னாலிருந்து அதட்டுவதுபோல் இருந்தது. நின்று உதறிவிட்டேன். சிரிக்காதேடி. நாளைக்குப் பால் கடையைத் தாண்டுகிறேனா இல்லையா, பார்.