தோள்வலியும் ஐந்தாம் மாதமும்

பாலக்கோடு
9-6-2025

அன்புள்ள கோகிலாவுக்கு,

வந்து சேர்ந்தேன், தனியாகத்தான். போனில் பேசினால் உன் அம்மாவும் சேர்ந்து கேட்பதால் எழுதுகிறேன். மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவேன் என்று தக்காளி மண்டி முழுக்கச் சொல்லியிருந்தேன். நீயோ, "தோள்வலிங்க, இப்ப வரல" என்று திருப்பி அனுப்பிவிட்டாய். நாலாம் மாதம் அழைக்கக் கூடாதாம். இனி ஐந்தாம் மாதம்தான். வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. உண்மையைச் சொல், தோளில்தான் வலியா, என்மேல் கோபமா?

மாதவராஜ்

பாப்பாரப்பட்டி
14-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வலி நிஜம். குனிந்து குனிந்து பால் கொடுத்துக் கழுத்திலிருந்து மேல்முதுகு வரை எரிகிறது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் மணிமேகலை மேடம், "புள்ளகிட்ட நீ குனியாத, தலகாணி வெச்சு புள்ளய உன்கிட்ட தூக்கு" என்றார். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் மெல்ல மேலே நகர்த்த வேண்டும். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துப் பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். தினம் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம். "பச்ச ஒடம்புக்காரி கையத் தூக்குனா பால் வத்திப்புடும்" என்று அம்மா ஒரே சத்தம். மேடமே கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் அடங்கினாள். இப்போது அந்த நேரம் பிள்ளையை அவளே வாங்கிக்கொள்கிறாள்.

கோபமா என்று கேட்டதற்கு இன்னும் யோசிக்கிறேன். கடையில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோகிலவாணி

பாலக்கோடு
20-6-2025

அன்புள்ள கோகிலாவுக்கு,

நீ எழுதியபடி மண்டிச் சுவரில் நானும் கைகளைத் தூக்கிப் பார்த்தேன். கூட வேலை செய்யும் கிருஷ்ணப்பன், "யாருகிட்டடா சரண்டர் ஆவுற?" என்று கேட்டுச் சிரித்தான். உன் நைட்டி ஒன்று கொடியிலேயே கிடக்கிறது. மடித்து வைக்க மனசு வரவில்லை. யோசித்து முடித்தாயா?

மாதவராஜ்

பாப்பாரப்பட்டி
5-7-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வலி முக்கால்வாசி போய்விட்டது. உங்களைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஆனால் அங்கே வரப் பயமாக இருக்கிறது. எட்டாம் மாத வயிற்றோடு நான் தண்ணீர்க் குடம் தூக்கியபோது, பார்த்துக்கொண்டே பைக்கை எடுத்தீர்கள். பிள்ளை பிறந்து நாலு முறை வந்தீர்கள். ஒருமுறைகூடக் கையில் வாங்கவில்லை. பயிற்சியை விட்டால் வலி திரும்பும் என்கிறார் மேடம். நம் வீட்டில் நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? அந்தப் பத்து நிமிஷம் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது?

கோகிலவாணி

பாலக்கோடு
8-7-2025

என் கோகிலாவுக்கு,

குடம் விஷயம் என் தப்பு. அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன்.

பிள்ளையை வாங்காதது வேறு. இருபத்தைந்து கிலோ பெட்டியைப் பிடித்துப் பழகிய கை இது. தலை நிற்காத பிள்ளையை எங்கே அழுத்திவிடுவேனோ என்று பயம். உன் அம்மா எதிரில் கேட்கவும் கூச்சம்.

ஐந்தாம் மாதம் முறையாக அழைக்க வருவேன். அதற்கு முன்னால் இந்த ஞாயிறன்று காலை முதல் பஸ்ஸிலேயே வருகிறேன், அழைக்க அல்ல. நீ உன் பயிற்சியைச் செய். முடியும்வரை பிள்ளை என்னிடம் இருக்கட்டும். எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடு.

மாதவராஜ்