எங்கள் பிக்கப்பும் என் ஏழாம் மாதமும்

22 ஜனவரி 1996

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு வெள்ளையாக நிற்கிறது புதுப் பிக்கப் வண்டி. சந்தனம், மாலை, எலுமிச்சம்பழம் நசுக்குவது எல்லாம் முடிந்துவிட்டது. கட்டின பெண்டாட்டி வரும் வரைக்கும் காத்திருக்க இவருக்குத் தோன்றவில்லை. சக்களத்தி வந்த முதல் நாளே இப்படி! கோபத்தில் நான் காபி போட்டுத் தரவில்லை. அத்தைதான் போட்டுக் கொடுத்தார்கள்.

இத்தனை காலம் அடுத்தவர் வண்டி ஓட்டியவர். இனி சொந்த வண்டியில் சோமனூர்த் தறிகளுக்கு நூல் போட்டு, நெய்த துணியைத் திருப்பூருக்கு ஏற்றுவார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். அஞ்சு கியர். முன்சக்கரத்துக்குக் காரைப்போலச் சுருள் ஸ்பிரிங், பின்னால் லாரியைப்போலப் பட்டை ஸ்பிரிங்.

“மூஞ்சி காரு, முதுகு லாரி, அரசி!” என்கிறார்.

கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. என் செருப்பு அளவு கேட்டால் தெரியுமா இந்த மனுசனுக்கு?

4 பிப்ரவரி

வண்டியை முதலில் அவிநாசிக் கோயிலுக்கு ஓட்டினோம். நானும் இவரும் மட்டும். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி காலி. ரோட்டில் ஒரு கல் கிடந்தாலும் வண்டி துள்ளுகிறது. இரண்டு தடவை என் தலை கூரையில் முட்டியது.

“ஏனுங்க, இது வண்டிங்களா, முயலுங்களா?”

“பாரம் இல்லாட்டி அப்படித்தான். பின்னால இருக்கற பட்டை ஒரு டன்னுக்குன்னு செஞ்சது. நீயும் நானும் அதுக்குத் தூசி. மூட்டைய ஏத்திப் பாரு, தொட்டில் மாதிரி போகும்.”

தொட்டில் என்றவர் அப்புறம் பேசவே இல்லை. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. ஒன்று கொடுமுடியில் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போய் வந்த மறுநாள். அந்தச் சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை. வந்தால் இப்படித்தான், ஊர் வந்து சேரும் வரைக்கும் இரண்டு பேரும் ஊமை.

8 மார்ச்

நாள் தள்ளிப் போயிருக்கிறது. எழுதக்கூடப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

23 மார்ச்

இன்று சொன்னேன். இவர் வண்டிக்கு அடியில் படுத்து என்னவோ முடுக்கிக்கொண்டிருந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. காலைப் பார்த்தே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும். கீழே ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம், “சரி, நீ வெயில்ல நிக்காத,” என்று மட்டும் வந்தது.

டாக்டரம்மாவிடம் போனோம். பஸ் குலுக்கினதால் போனதில்லை, அப்படியெல்லாம் போகாது, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார்கள். காது கேட்டுக்கொண்டது. மனசு கேட்கவில்லையே, என்ன செய்ய? அத்தைக்கும் இவருக்கும் எனக்கும் அந்தப் பஸ்தான் காரணம். அத்தை ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. பஸ்காரனைத்தான் இன்று வரைக்கும் திட்டுகிறார்கள்.

12 மே

மூன்று மாதம் தாண்டிவிட்டது. இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை.

16 ஜூன்

இந்த மனுசனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவே பேசுகிறது. வண்டியில் என்னை ஏற்றமாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் போதும், எனக்குப் பதிலாக என் இடத்தில் ஒரு செம்பு நிறைய மோர்! அதை வைத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறார். வந்ததும் சீட்டைத் தடவிப் பார்க்கிறார். நூல் மூட்டையை ஒன்று கூட்டுகிறார், ஒன்று குறைக்கிறார், மறுபடி போகிறார்.

இன்று சிரித்துக்கொண்டே இறங்கினார். “முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. அதுதான் கணக்கு. அதுக்கு மேல போனா பட்டை இறுகிப் போகுது, கம்மியானா துள்ளுது. பாரத்தையும் பின்னால தள்ளக்கூடாது, அச்சுக்கு மேலயே நிக்கோணும். மூணாவது கியர்ல உருட்டினா ஒரு சொட்டு சிந்தல அரசி!”

மோர் சிந்தவில்லை என்பதற்கா இத்தனை சந்தோசம் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. இவர் யாருக்காக மோரைச் சுமந்தார் என்பது எனக்குத் தெரியாதா? உள்ளே வந்து கொஞ்சம் அழுதேன். பிறகு மிச்ச மோரைத் தாளித்துக் குடித்தோம்.

25 ஆகஸ்ட்

வருகிற ஞாயிறு கட்டுச்சோறு. அம்மா வீட்டார் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்து, பிரசவத்துக்கு என்னைக் கொடுமுடிக்கு அழைத்துப் போவார்கள். எனக்கு அம்மாவிடம் போக வேண்டும் போலிருக்கிறது. போகவும் பயமாக இருக்கிறது.

ரயில் என்றால் ஈரோட்டில் படியேறி மாற வேண்டும். பஸ் என்ற பேச்சே கிடையாது. அம்மா வீட்டார் வாடகை வேன் பிடித்து வருகிறார்கள், ஆனால் இவர் யார் கையிலும் என்னைக் கொடுக்கமாட்டார். “நான் ஓட்டிட்டு வாரேன். மணல் மூட்டை போட்டுக்கறேன்,” என்று முடித்துவிட்டார்.

2 செப்டம்பர், கொடுமுடி

நேற்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

காலையில் இவர் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அச்சுக்கு மேலே அடுக்கிக் கட்டினார். பின் டயரில் காற்றையும் கொஞ்சம் இறக்கினார். விருந்து முடிந்து, இவர் டீசல் வாங்கக் கேனோடு சைக்கிளில் போனார். எனக்கு வளையல் போட்டு விட்டார்கள். ராகு காலம் தொடங்குமுன் நான் படி தாண்ட வேண்டும்.

வளையல் போட்டு எழுந்து வெளியே வந்தால் வண்டி பளபளவென்று நிற்கிறது. தொட்டி காலி. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறது!

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. “புள்ளத்தாச்சி போற வண்டியில இத்தன பாரமா கண்ணு? வண்டி முக்கி முனகுனா உனக்கு ஆகுமா? எல்லாத்தயும் எறக்கிப்போட்டோம்.” எங்கள் வீடுகளில் வயிற்றுக்காரி எதையும் சுமக்கக்கூடாது. அவள் ஏறும் வண்டி மட்டும் சுமக்கலாமா? அத்தை பேரில் என்ன தப்பு?

மூட்டை எங்கே என்றால், பக்கத்து வீட்டுத் திருமூர்த்தியண்ணன் காம்பவுண்டு சுவர் கட்டுகிறார். சும்மா கிடக்கிற மணலா என்று வாங்கிக் கலவையில் கொட்டித் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது.

இவர் கேனோடு வந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார். கலவையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, நூல் குடோன் ஒன்றும் திறந்திருக்காது. இவர் அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. நேற்றும் உயர்த்தவில்லை. அப்படியே சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பாரம் இல்லாட்டி துள்ளும்மா. அவளுக்குக் குலுங்கும்மா.”

அத்தை முகம் செத்துப்போனது. “நான் நல்லதுன்னுதானப்பா செஞ்சுபோட்டேன்…” என்று என் வயிற்றைப் பார்த்தார்கள். பஸ்காரனைத் திட்டுகிற அதே அத்தை. இப்போது யாரைத் திட்டுவார்கள்? நான் போகவே இல்லை, இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அத்தை, “எத்தன பாரம் வேணும்?” என்றார்கள்.

“முக்கால் டன்னுக்குக் கம்மியா.”

“ஆளு ஏறுனா பாரமில்லையா?”

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்துத் தொட்டிக்குள் ஏறிவிட்டார்கள். எங்களில் புகுந்த வீட்டார் வாசலோடு நின்று வழியனுப்புவதுதான் வழக்கம்; கூடப் போனால் நன்றாக இருக்காது என்பார்கள். யாரோ அதைச் சொல்லவும் செய்தார்கள். “வழக்கம் கெடக்குது, என்ற மருமக குலுங்காமப் போகோணும். ஏறுங்கடி எல்லாரும்!”

ஏறினார்கள் எல்லாரும். என் அம்மா மயிலாத்தாள், சம்பந்தியம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஏறினார்கள். இவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து இடம் காட்டினார். கனத்தவர்கள் அச்சுக்கு மேலே, ஒல்லிகள் முன்னால். எந்த மகராசிக்கும் கோபம் வரவில்லை. என் தாய்மாமன் ராமுலு நடுவில் போய் உட்கார்ந்ததும் வண்டி ஒரு அங்குலம் இறங்கியது. “மாமா ஒருத்தரே ரெண்டு மூட்டைங்க,” என்றார் இவர். வாடகை வேன் வெறும் அண்டாக்களோடு பின்னால் வந்தது.

திருப்பூர், காங்கயம், முத்தூர். பள்ளம் வருமுன்பே இவர் கால் மெல்ல எடுக்கிறது, கியர் இறங்குகிறது, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவது தெரியவே இல்லை. பின்னால் கும்மிப் பாட்டு. நான் வயிற்றில் கை வைத்தபடி இருந்தேன். உள்ளே அது புரண்டு படுத்தது. இவரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

என்னை இத்தனை பேர் சுமந்து வந்தார்கள். எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

6 நவம்பர்

ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு நாளாக மழை. இவர் சோமனூரில். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். யாரிடம் சொன்னாலும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாமல் போன இரண்டு முறையும் இதையேதான் சொன்னார்கள்.

11 நவம்பர்

பெண். அழுத சத்தம் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். யாரும் சமாதானப்படுத்தாதீர்கள், இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று சொன்னேனாம், நர்ஸ் சிரிக்கிறார்.

8 ஜூன் 1997

தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு சூலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தோம். அத்தை ஜன்னல் ஓரம், நடுவில் நான், மடியில் அவள். பின்னால் பாரம் எதுவும் இல்லை. போகும்போது இவர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள்.

வரும் வழியில் ஒரு பள்ளத்தை இவர் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. நான் அவளை இறுக்கிக்கொண்டேன், அத்தை “அய்யோ சாமி!” என்றார்கள், இவர் பிரேக்கை மிதித்துவிட்டார். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தோம். உதட்டைப் பிதுக்குவாள் என்று நினைத்தால், பொக்கை வாயைத் திறந்து கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். நின்றுபோய்விட்டதே என்று காலை உதறுகிறாள்.

இவர் வண்டியை மெல்ல எடுத்தார். கொஞ்ச தூரம் நல்ல ரோடுதான். அத்தை பார்க்காத நேரம் பார்த்து, ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பள்ளத்துக்குச் சக்கரத்தைத் திருப்பினார்.