நடுவில் இருந்த குரல்

மார்ச் 4, செவ்வாய்

நாளை மறுநாள் ஆபரேஷன். இவருக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருஷ பஸ் கண்டக்டர். பின் படிக்கட்டில் தொங்குகிறவனை முன் சீட்டிலிருந்தே அதட்டி உள்ளே ஏற்றும் குரல்.

இன்னொரு பயமும் இருக்கிறது. எழுதவே வெட்கம். ஒரே வீட்டில் இருந்தும் நானும் இவர் அக்காவும் பேசி நாலு வருஷம். சமையலறை அலமாரியை அவரைக் கேட்காமல் மாற்றி அடுக்கினேன், அதில் ஆரம்பித்தது. நான் பக்கத்தில் நிற்கும்போதே, "உப்பு தீந்துடுச்சுன்னு அவகிட்ட சொல்லுடா" என்பார். நானும் இவர் மூலமாகவே பதில் சொல்வேன். இனி?

மார்ச் 6, வியாழன்

ஆறு மணி நேரம். முடிந்தது. கழுத்தில் ஒரு துளை. மூச்சு இனி அதன் வழியாகத்தான்.

மார்ச் 10, திங்கள்

துளையிலுள்ள குழாயைச் சுத்தம் செய்ய நர்ஸ் கற்றுத் தந்தார். "வீட்டுல ரெண்டு பேராவது கத்துக்கணும்மா. ஒரே ஆள் ராப்பகலா பார்த்தா அவங்களும் இங்கதான் வந்து படுப்பாங்க."

நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். வீம்பு, வேறென்ன. நாத்தனார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 19, புதன்

வீட்டுக்கு வந்து மூன்று நாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. ஞாயிறோடு என் லீவு முடிகிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்ட வேறு ஆள் இல்லை.

இன்று நாத்தனார் பழக்கதோஷத்தில், "மருந்து நேரமாச்சுன்னு அவகிட்ட சொல்லு" என்றார் — இவரிடம்! இவர் சிலேட்டை எடுத்துப் பெரிதாக எழுதினார்: 'நான் செத்தா யார்கிட்ட சொல்லி அனுப்புவீங்க?' சாக்பீஸை விட்டெறிந்தார்.

நாளைக்குப் பேசியே தீருவேன். அவங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் சரி.

மார்ச் 20, வியாழன்

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அக்கா, திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். குழாய் சுத்தம் பண்ண உங்களுக்குச் சொல்லித் தரேன். தனியா என்னால முடியல."

கடைசி மூன்று வார்த்தை வெளியே வருவதற்குள் உயிர் போய்விட்டது.

நிமிரவே இல்லை. "நாலு மாசமா அவனுக்குக் குரல் கம்மிக் கிடந்துச்சே. கூட இருந்தவ நீ. அப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

நான் என்னையே தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்வி. கோபம் வரவில்லை.

"கவனிச்சேன்க்கா. தவளைன்னு கேலி பண்ணேன். அத நெனச்சா தொண்டையில சோறு இறங்கல."

மடித்த சட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் மட்டும் என்ன கிழிச்சேன்? தேனைக் குழைச்சுக் கொடுத்து, எல்லாம் சரியாப் போயிடும்னேன்."

இருவரும் அழுதோம். பிறகு எழுந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். "வா, காட்டு."

மார்ச் 24, திங்கள்

கடைக்குப் போனேன். மதியம் நாத்தனார் போன். "சளி கொஞ்சம் கட்டியா வந்துச்சு, எடுத்துட்டேன். ரத்தம் கித்தம் ஒண்ணும் இல்ல." பிறகு, "நீ சாப்பிட்டியா?"

ஏப்ரல் 16, புதன்

நாளை கதிர்வீச்சு சிகிச்சை ஆரம்பம். இவருடன் யார் போவது என்று எனக்கும் அக்காவுக்கும் பெரிய சண்டை. "உனக்கென்ன தெரியும்?" "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாக்கும்!" நேருக்கு நேர், கூடமே அதிர.

திரும்பிப் பார்த்தால் இவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோள் குலுங்குகிறது. பதறிப்போய் இருவரும் ஓடினோம்.

சிரிக்கிறார்.