பச்சைக் கொடியைத் தின்ற ஆடு

மச்சாள்,

இன்று காலை உன் வீட்டுக் குப்பை வாளிக்குள் நம்முடைய ஆடு கிடந்தது. கடதாசிக் கூழில் நீ பிசைந்து, நெருப்புக்குச்சியில் கால் வைத்த அதே ஆடு. மேலே வாழைக்காய்த் தோல். வாயில் பச்சைக் கொடி அப்படியே இருந்தது. கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் உன் அப்பா மீது, பிறகு வழக்கம்போல உன் மீது.

இன்று உனக்கு ஆட்டைத் திவசம். நீ போய் ஒரு வருடம். மாமா விறாந்தையில் உன் படத்தை வைத்து, பக்கத்து மேசையில் நம் விளையாட்டுக் கோச்சியையும் தண்டவாளத்தையும் பரப்பி வைத்திருந்தார். "பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி எண்டு வாற சனம் பார்க்கட்டும்" என்று மாமியிடம் சொன்னாராம். போய்ப் பார்த்தேன். ஸ்ரேசன் இருந்தது. பனைகள் நின்றன. தண்டவாளம் பளபளத்தது. பகிடி மட்டும் ஒன்றுகூட இல்லை. கதவில் இடுப்புச் சாரம் அகப்பட்டு, கோச்சியோடு கூடவே ஓடும் மனிதர் இல்லை. பிழையான ஊரில் இறங்கி, கழுத்தில் மாலையோடு முழிக்கும் மாப்பிள்ளை இல்லை. ஸ்ரேசன் பெயர்ப்பலகையைக்கூட மாமா பிடுங்கிவிட்டார்.

அந்தப் பலகையை நீ எழுதிய நாள் நினைவிருக்கிறதா? சுவிசிலிருந்து சித்தப்பா கோச்சிப் பெட்டியை அனுப்பியபோது, தண்டவாளமே இல்லாத தீவுக்குக் கோச்சியோ என்று எல்லாரும் சிரித்தார்கள். நீ தூரிகையை எடுத்து நம் ஊர்காவற்றுறையை 'ஊர்காத்திருந்ததுறை' ஆக்கினாய். "கோச்சி வருமெண்டு ஊர் காத்திருந்தது. பேர் சரிதானேயடி?" என்றாய். அதற்குப் பிறகுதான் ஆடு வந்தது. ஸ்ரேசன் மாஸ்ரர் பச்சைக் கொடியை ஆட்டினால்தான் கோச்சி புறப்படும். ஆட்டுக்கோ அது தின்கிற குழை. "அவர் ஆட்ட முதல் ஆடு திண்டிட்டுது" என்று சொல்லி, அவர் கையில் வெறும் தடியை ஒட்டிவிட்டாய். காத்திருந்து அலுத்த பெண் ஒருத்தி மேடையிலேயே அடுப்பு மூட்டிவிட்டாள். அவளை நான் செய்தேன். அவளுடைய சட்டி உன் அப்பாவின் சட்டையிலிருந்து அறுத்த தெறி.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் மீதி என்ன? கடையில் வாங்கிய கோச்சி. அதை வைத்தென்றால், அனுப்பிய சித்தப்பாவுக்குத்தான் திவசம் செய்ய வேண்டும்.

உன்னைத் துடைத்து வைப்பது இது முதல்தரமும் இல்லை. பத்திரிகையில் போட்ட அஞ்சலியில் நீ 'அமைதியின் வடிவம், அடக்கத்தின் உருவம்'. நீயா? பள்ளிக்கூட மணியின் நாக்குக்குக் காலுறை போட்டுவிட்டவள் நீ. உன் வாழ்நாளில் நீ அடக்கியது அந்த மணி ஒன்றைத்தான்.

ஆனால் மாமாவை மட்டும் ஏசி என்ன பயன்? நீ காய்ச்சலில் கிடந்தபோது, "எப்பிடியடி இருக்கு?" என்று போனில் கேட்டேன். "இது கடுகதிக் காய்ச்சல் மச்சாள். ஒரு ஸ்ரேசனிலயும் நிக்காதாம்" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் உன்னை யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அந்தக் கடுகதிக் கோச்சி உண்மையிலேயே நிற்கவில்லை. கடைசியாக என்னிடம் சொன்ன வார்த்தை அதுவாகவா இருக்க வேண்டும்? சிரிக்காமல் நினைக்கவும் முடியவில்லை, சிரித்துக்கொண்டு நினைக்கவும் முடியவில்லை. இப்படியொரு சிக்கலில் என்னை மாட்டிவிட்டுப் போனதற்கு உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஆட்டைக் குழாயில் கழுவித் துடைத்து மேடையில் நிறுத்தினேன். மாமா பட்டு வேட்டியோடு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"ஆட்டை வைக்கிறன் மாமா."

"விசர்க்கதை கதையாதை. செத்த பிள்ளையின்ர படத்துக்குப் பக்கத்தில நிண்டு சனம் சிரிக்கிறதே? ஐயர் வரப்போறார். ஆட்டைக்கு ஆக்கள் வரப்போகினம். முதல் ஆட்டை எடு!"

வாயை மூடிக்கொண்டு எடுத்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் திவசமும் ஆட்டைதான், கொடி தின்ற ஆட்டை எடுக்கச் சொன்னாலும் ஆட்டைதான். மாமா தன்னை அறியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். கோபத்திலும் என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"ஆட்டை எடுத்தால் பிறகு என்னண்டு மாமா ஆட்டை செய்யிறது?"

மாமா கையை ஓங்கினார். அப்போதுதான் குசினிக்குள் ஒரு சத்தம். மாமி அகப்பையோடு வெளியே வந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"அடிக்காதேங்கோ. ஒரு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் என்ர பிள்ளை இந்த வீட்டில கதைச்சிருக்கிறாள்."

மாமா கையை இறக்கினார். பிறகு அறைக்குள் போய், பிடுங்கியவற்றைப் போட்டு வைத்த பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"அந்தச் சாரக்காரனை மட்டும் வையாதை" என்றார். "அது நான்தான் எண்டு சனத்துக்குத் தெரியும்."

சாரக்காரனை மாமிதான் ஒட்டினார்.

சனம் வந்தது, பார்த்தது, சிரித்தது. ஐயரும் சால்வையால் வாயை மூடிக்கொண்டார். மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர், "இதென்ன, உம்மட சாரம் மாதிரிக் கிடக்கு?" என்று கேட்க, மாமா "ஓம், நான்தான்" என்றார்.

நீ வென்றுவிட்டாய். ஆனாலும் என் கோபம் தீரவில்லை. முன்பெல்லாம் எந்தக் குழப்படிக்கும் ஏச்சில் பாதி உனக்கு, பாதி எனக்கு. இன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார்: "திவச வீட்டிலயும் உனக்கு வாய் அடங்காதோ?" பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினேன், நம்மில் யாருக்கு முதலில் சிரிப்பு வெடிக்கும் என்று பார்க்க. அங்கே அலுமாரிதான் நின்றது.

உன் பாதியையும் நானே நின்று வாங்கினேன், மச்சாள். தலையைக் குனிந்துகொண்டு, சிரிக்காமல்.