டேனர்ஸ் சந்துக்கு மேலே ஒரு பாலம்

ஆல்டர்பரோ,
9 அக்டோபர் 1879

அன்பு மகன் வில்ஃப்ரெடுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நல்ல சுகம். மெல்போர்னில் நீயும் அப்படியே இருக்க ஆண்டவர் காக்கட்டும்.

நேற்று மாலை நகராட்சி மன்றம், டேனர்ஸ் சந்துக்கு மேலே நம் இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் மூடிய பாலத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. மன்ற எழுத்தர் மிஸ்டர் லம்லியே கடைக்கு வந்து சொன்னார், அதனால் வதந்தி இல்லை. பண்ணை பண்ணையாக நாடாவும் பொத்தானும் சுமந்து விற்ற உன் அப்பா, சந்தின் இந்தப் பக்கம் ஒரு கடை வைத்து, அதை ஆறு கடைகளாகப் பெருக்கி, போன வருஷம் கையிலிருந்ததை எல்லாம் போட்டு அந்தப் பக்கம் மூன்று மாடி எழுப்பியது உனக்குத் தெரியும். பட்டும் கையுறையும் இங்கே, தரைவிரிப்பும் பீங்கானும் அங்கே, நடுவில் சேறு. மழை நாளில் பாவாடை நனைய யார் கடப்பார்கள்? புதுக் கட்டடத்தில் ஆட்கள் ஈ ஓட்டினார்கள். பாலம் கிடைக்காவிட்டால் அதை விற்றுவிட வேண்டியதுதான் என்று அப்பா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். எதிர்த்து நின்றவர் முனைக்கடைக் குடைக்காரர் டட்டன்ஹாம். சந்தைக் கடக்கிறவர்களுக்குக் குடை வாடகைக்கு விட்டே பிழைக்கிறவர், விடுவாரா? "சந்து பொது, ஆகாயமும் பொது. கிராப்ட்ரீ அதுலயும் விலைச்சீட்டு ஒட்டப் பாக்கறான்" என்று உன் அப்பாவைப் பற்றி மன்றத்தில் பேசிப் பாதிப் பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

திங்களன்று உறுப்பினர்கள் இடம் பார்க்க வந்தார்கள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, அப்பா முகம் செத்துவிட்டது. அவர்கள் நம் வாசலில் அளந்து முடித்து எதிர்ப்பக்கம் போகத் திரும்பியபோது கொட்டியது பார் மழை! நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். டட்டன்ஹாமுக்குக் கை சும்மா இருக்குமா, அள்ளிய குடைகளோடு ஓடிவந்து, "வாங்க ஐயா, ஒரு பென்னிதான்! மழையில குடையில்லாம இந்தச் சந்தை எந்த மனுஷனாலயும் தாண்ட முடியாது!" என்று கூவினார். மேயர் குடையை வாங்கிக்கொண்டு, "இதைத்தானய்யா கிராப்ட்ரீயும் சொல்றாரு" என்றார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் மனுஷர் சிவந்துபோனார். அந்தச் சிரிப்பில்தான் மன்றத்தில் நமக்கிருந்த பாதி ஆதரவு முழுசாயிற்று.

இருமலுக்கு மார்பில் கம்பளி சுற்றிக்கொள். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு.

இரும்பு உத்தரங்கள் ஷெஃபீல்டிலிருந்து இருபதாம் தேதி வர வேண்டும். பாலத்தின் முனையில் குடைப் பிரிவு ஒன்று வைக்கிறோம், நீங்களே நடத்துங்கள் என்று அப்பா டட்டன்ஹாமைக் கேட்டிருக்கிறார். அவர் வரும் ஞாயிறு பதில் சொல்வதாக ஏற்பாடு. இன்று காலை வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "பாலத்துல ஜன்னல் வைப்பீங்களா, மாட்டீங்களா? உள்ள இருக்கற பொம்பளைங்களுக்கு மழை பெய்யறது எப்படிய்யா தெரியும்?"

உன் அன்புத் தாய்,
ஹானா கிராப்ட்ரீ